30 செகண்டு விளம்பரமும் வவுச்சர் இல்லாத என்ட்ரியும்

மக்களே, இது கொஞ்சம் கோபத்துல எழுதுறது. முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

நாக்பூருக்கு மாத்தலாகி வந்து 4 வருஷம் ஆச்சு. பொண்ணு பதினொண்ணாவது. சி.பி.எஸ்.இ.ல மாஸ் மீடியான்னு ஒரு பாடம் இருக்கு, அதை எடுத்திருக்கா. (பி.காம். படிச்ச அப்பனுக்கு, மக அக்கவுண்டன்சி எடுக்கலையேன்னு வருத்தம். அது தனிக்கதை!) ஏப்ரல்ல ஒரு புராஜெக்ட்: 30 செகண்டு விளம்பரம் எடுத்து, எடிட் பண்ணிக் கொடுக்கணும். எங்க குடியிருப்பு மூணாவது மாடியில மதுரைக்கார அக்கா ஒருத்தங்க இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்க. அதுதான் சரக்கு.

4 பிள்ளைங்க சேர்ந்து மொபைல்ல 40 நிமிஷம் எடுத்தாங்க. அதுல அக்கா தெளிவா சொல்றாங்க: "இந்த வெயில்ல வெளிய வெச்சா அரை நாள்ல புளிச்சிரும் பாப்பா. ஃப்ரிட்ஜுல வெச்சாத்தான் மூணு நாள் தாங்கும்." எடிட்டிங்ல மிஞ்சினது என்ன தெரியுமா? "மூணு நாள் தாங்கும்." அவ்வளவுதான். வெட்டின இடத்துல அக்கா முகம் குதிக்குமே, அதை மறைக்க மாவு ஊத்துற க்ளோசப்பை மேல ஒட்டிட்டாங்க. குரல் மட்டும் ஓடுது. தையல் போட்ட தடமே இல்ல. நானும் பார்த்துட்டு "சூப்பர்ம்மா"ன்னேன். அந்தக் குற்றத்தை ஒத்துக்கிறேன்.

20-க்கு 19 மார்க்! மார்க் எப்படிப் போட்டாங்கன்னு பார்த்தேன். இசைக்கு 5, ட்ரான்ஸிஷனுக்கு 5, டைட்டில் கிராஃபிக்ஸுக்கு 5, நேரத்துக்குள்ள முடிச்சதுக்கு 5. சொன்னது நெசமான்னு கேக்க ஒரு வரி கிடையாது.

பிள்ளைங்க சந்தோஷத்துல குடியிருப்பு வாட்ஸப் குழுவுல போட்டாங்க. அதை நம்பி ரெண்டு வீட்டுல மாவை வாங்கி சமையல் மேடையிலயே வெச்சிட்டாங்க. நாக்பூர் வெயில் கேக்கணுமா? மறுநாளே புளிச்சுப் பொங்கி, காசைத் திருப்பிக் கேட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. அக்கா பேசாம கொடுத்துட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. சண்டை போடல. "தம்பி, நான் அப்படிச் சொல்லலையே?" அவ்வளவுதான் கேட்டாங்க. எனக்கு வாயே எழும்பல.

டீச்சர்கிட்ட கேட்டா, "இது பிராக்டீஸ் தானே சார். முதல்ல டூல் கத்துக்கட்டும், நேர்மை நியாயமெல்லாம் அப்புறம் வரும்"ங்கிற மாதிரி பதில்.

எப்பங்க வரும்? டூல் இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். நம்மள்ல பாதிப் பேரு தடவிப் பார்த்த விண்டோஸ் மூவி மேக்கரையே 2017-ல நிறுத்திட்டாங்க. கையில நிக்கப்போறது எதை வெட்டணும், எதை வெட்டக் கூடாதுங்கிற புத்தி மட்டும்தான். எடிட்டிங்னா அதுதான். மினுக்கு ட்ரான்ஸிஷனை மென்பொருளே போட்டுடும்!

பி.காம்.ல ஆடிட்டிங் பாடத்துல மொத மொதல்ல மண்டையில ஏத்துறது, ஒவ்வொரு என்ட்ரிக்கும் வவுச்சர் வேணும்னு. "முதல்ல கணக்கை அழகா எழுதுங்க, வவுச்சரை அப்புறம் பார்த்துக்கலாம்"னு எந்த வாத்தியாரும் சொல்ல மாட்டார். விளம்பரத்துக்கு வவுச்சர் எது? வெட்டாத மூல வீடியோதான்.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, முக்கியமான தகவலை வேணும்னே மறைச்சாலும் அது தவறான விளம்பரம்தான். 10 லட்சம் வரை அபராதம் போடலாம். மியூச்சுவல் ஃபண்டு விளம்பரக் கடைசியில ஒரு எச்சரிக்கை மூச்சு விடாம ஓடுமே, ஞாபகம் இருக்கா? அது புரியுற மாதிரி இருக்கணும்னு 2012-ல செபி விதி கொண்டுவந்து, 14 வார்த்தைக்கு 5 செகண்டாவது வேணும்னு உதாரணமே கொடுத்துச்சு. பெரிய பெரிய கம்பெனிக்கே ஒரு வாக்கியத்தை முழுசா சொல்லுன்னு விதி போட வேண்டியிருக்கு. அந்தப் பாடத்தைப் பதினாறு வயசுல சொல்லாம எப்ப சொல்றது?

நான் கேக்குறது மூணே மூணு. விளம்பரத்தோட மூல வீடியோவையும் வாங்குங்க. அதுல பேசினவங்க முடிஞ்ச வீடியோவைப் பார்த்து சரின்னு சொல்லணும். இந்த ரெண்டுக்கும் சேர்த்து 5 மார்க் வைங்க. பைசா செலவில்ல. காசு கொடுத்து ஸ்டூடியோவுல எடிட் பண்ணி வாங்குற அப்பாமார்களே, உங்களுக்கும் சொல்றேன். உங்க பிள்ளை கத்துக்க வேண்டிய அந்த ஒரே விஷயத்தைத்தான் வேற யார்கிட்டயோ விட்டுட்டு வர்றீங்க.

பொண்ணு மறுபடி உக்காந்து வெட்டினா. அக்கா சொன்னது முழுசா 6 செகண்டு. சுத்திச் சுத்தி வர்ற டைட்டிலைத் தூக்கினதும் இடம் கிடைச்சிடுச்சு. அக்கா ரெண்டு தடவை பார்த்தாங்க. "இப்பத்தான் பாப்பா நான் பேசின மாதிரி இருக்கு"ன்னாங்க.

இந்தப் புது விளம்பரத்துக்கு மார்க் கிடையாதாம். பழசுக்குப் போட்ட 19 அப்படியேதான் இருக்கு!

உங்க ஊர் பள்ளிக்கூடத்துல மார்க் எதுக்குப் போடுறாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.