கன்னெய் அவர்க்கு, கழிவு நமக்கா?



எள்ளின் நெய் எண்ணெய். கல்லடியில் ஊறுவது கன்னெய். 'எண்ணெய்க் கிணறு' என்றதும் நம் உழவன் செல்வம் ஊறும் கேணியென்று நம்பினான். அங்கு ஊறும் கழிவுக்கோ அவனறிந்த மொழியில் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை.

துளையிடுங்கால் வேதிப்பொருள் கலந்த சேறும் பாறைத்தூளும் வெளிப்படும். பின்னர்க் கன்னெய்யோடு, நெய்ப்பசை கலந்த உவர்நீர் வரும். கிணறு முதிர முதிர அந்நீர் பெருகும். சேற்றை நீர் கசியாத விரிப்பிட்ட குழியில் இடல் வேண்டும். உவர்நீரைத் தூய்மை செய்தோ, நன்னீர் ஊற்றுக்கு மிகக் கீழுள்ள பாறையடுக்கில் செலுத்தியோ நீக்கல் வேண்டும். மண்ணிற் படிந்த நெய்யில் ஒரு பங்கையேனும் நுண்ணுயிர்கள் தின்னும். மண்ணிலேறிய உவரை எந்த நுண்ணுயிரும் தின்னாது!

2017 சூன் 30ஆம் நாள், தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் நடுவணரசின் எண்ணெய் எரிவளிக் கழகக் குழாய் உடைந்து, வயலிற் கன்னெய் பரவியது. மாவட்ட ஆட்சியர் வரவேண்டுமென்று கேட்டுத் திரண்ட மக்கள் பெற்ற விடை தடியடி. பேராசிரியர் த. செயராமன் உள்ளிட்டோர் சிறையிலடைக்கப்பட்டனர்.

கேட்டால்தானே அடிக்கவேண்டும், கேட்கவே இயலாதபடி செய்துவிட்டால்? 2020 சனவரியில், கன்னெய்த் தேட்டத்திற்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டா என்று விதியைத் திருத்தினர். அவ்வாண்டு சூனில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணை மொழிகள் 22இலும் வெளியிடுமாறு தில்லி உயர் வழக்குமன்றம் ஆணையிட்டது. நடுவணரசோ மொழிபெயர்ப்பதை விடுத்து, அவ்வாணையை எதிர்த்து உச்ச வழக்குமன்றப் படியேறியது! "ஆங்கிலத்தில் உள்ளதே, படித்தவர் படிக்கட்டும்" என்பார்க்கு ஒன்று கேட்போம்: கழிவு ஆங்கிலம் படித்தவன் வயலில் மட்டுமா பாய்கிறது?

காவிரிப் படுகையைக் காப்புற்ற வேளாண் நிலமாக்கித் தமிழக அரசு 2020இல் சட்டம் இயற்றியது நன்றே. ஆயினும் முன்பே இயங்கிய கிணறுகளை அது தொடவில்லை.

கொரட்டூரானுக்குக் காவிரிக்கரையில் என்ன வேலை எனலாம். கழிவுக்கு வழி காணாமல் தொழில் தொடங்கினால் என்னாகும் என்பதற்கு எங்கள் ஏரியே சான்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக் கழிவும் சாய்க்கடையும் கலந்து, ஊருணவு விளைத்த நீர் தொடவும் தகாததாயிற்று. ஏரி கெட்டபின் வழக்காடுகிறோம். வயல் கெடுமுன் வாய்திறப்போம்.

ஒவ்வொரு கிணற்றடியிலும் பலகை நிற்க வேண்டும்: இம்மாதம் எவ்வளவு சேறு, எவ்வளவு உவர்நீர், எங்குச் சென்றது என்று. அக்கணக்கை ஊர்மன்றத்தில் உழவர் முன் படிக்க வேண்டும். தமிழிற் கணக்குக் காட்டாத கிணறு தமிழ்மண்ணில் இயங்குதல் ஆகாது!