ரேஷனில் கேழ்வரகு: மாரடைப்பு குறையுமா?

தருமபுரி ஜில்லாவில், பென்னாகரத்தைத் தாண்டிப் போனால் ஏரியூர் வரும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் நாகமரை. மேட்டூர் அணை நிரம்பி இருக்கும் காலத்தில் அங்கே காவிரி கடல் போல விரிந்து கிடக்கும்.

கண் எதிரே அவ்வளவு தண்ணீர் இருந்தாலும், இந்தப் பக்கத்து நிலங்களில் பெரும்பாலானவை வானம் பார்த்த பூமிதான். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, கொள்ளு, அவரை, துவரை ஆகியவை இங்கே விளையும் பயிர்கள்.

ஒரு காலத்தில் இங்கே களி கிண்டாத வீடு கிடையாது. அரிசிச் சோறு என்றால் பொங்கலுக்கும், தீபாவளிக்கும், கல்யாணத்துக்கும்தான். இப்போது நிலைமை தலைகீழ்! காலையில் இட்லி. மத்தியானம் சோறு. இரவிலும் சோறு. பல வீடுகளில் களி, எப்போதாவது வந்து போகும் விருந்தாளி ஆகிவிட்டது.

இதற்காக மக்களைக் குறை சொல்வதற்கு இல்லை. கேழ்வரகைப் புடைத்து, கல் பொறுக்கி, அரைத்து, களி கிண்டி இறக்குவதற்குள் பெண்களின் தோள்பட்டை கழன்றுவிடும். அரிசியோ ரேஷன் கடையில் கிடைக்கிறது. 2011-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் இலவசமாகவே கிடைக்கிறது. பசியைத் தீர்த்த திட்டம் அது. அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

2023-ம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் ஒரு புதிய காரியம் செய்தது. நீலகிரி, தருமபுரி ஆகிய 2 ஜில்லாக்களில் மட்டும், 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. அந்த ஆண்டைத்தான் ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்திருந்தது.

நல்ல காரியம்தான். ஆனால், "களி தின்றால் சர்க்கரை வியாதி வராது, மாரடைப்பு கிட்டவே வராது" என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

வலி இல்லாத வீக்கம்

முதலில், மாரடைப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

காலில் முள் குத்தினால் என்ன ஆகிறது? அந்த இடம் சிவக்கிறது. சுடுகிறது. வீங்குகிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வந்து, கிருமிகளோடு சண்டை போடுகின்றன. இதை "அழற்சி" என்று டாக்டர்கள் சொல்வார்கள். முள்ளை எடுத்துவிட்டால் நாலு நாளில் வீக்கம் வற்றிவிடும்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களிலும் இதே அழற்சி உண்டாகிறது. குழாயின் சுவருக்குள் கொழுப்பு போய்ப் படிகிறது. அதைத் தின்று தீர்க்க வெள்ளை அணுக்கள் உள்ளே நுழைகின்றன. தின்ன முடியாமல் அங்கேயே மடிகின்றன. இன்னும் பல அணுக்கள் வருகின்றன. அவையும் மடிகின்றன. வருஷக்கணக்கில், கொஞ்சமும் வலி தெரியாமல் இது நடக்கிறது. இங்கே முள்ளை எடுப்பார் யாரும் இல்லை!

ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைகிறது. குழாய் அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு.

கொழுப்பு மட்டும்தான் குற்றவாளி என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். 2017-ம் ஆண்டு ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. ஏற்கனவே மாரடைப்பு வந்த 10 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு அழற்சியைத் தணிக்கும் ஊசி போட்டார்கள். ரத்தத்தில் கொழுப்பு குறையவில்லை. ஆனால் மறுபடியும் மாரடைப்பு வருவது குறைந்தது! அந்த ஊசியின் விலை மிக அதிகம். கிருமி நோயினால் சாவும் சிலருக்கு வந்தது. ஆகவே அது ஊருக்கெல்லாம் போடுகிற மருந்து அல்ல. ஆனால் உள்ளே இருக்கும் வீக்கமும் ஒரு குற்றவாளி என்பது அதனால் ருசுவாயிற்று.

இந்த வீக்கத்தை வளர்ப்பவை எவை? பீடி, சிகரெட்டுக்குத்தான் முதல் இடம். பிறகு சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, தொப்பை. கடைசி மூன்றுக்கும் சாப்பாட்டில் பங்கு உண்டு.

உருண்டை எவ்வளவு பெரிது?

இனி களிக்கு வருவோம்.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 3 கிராம் கூட இல்லை. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கேழ்வரகில் பல மடங்கு அதிகம். நார்ச்சத்து கொழுப்பைக் குறைக்க உதவும்; வயிறும் சீக்கிரம் நிறையும்.

இதையெல்லாம் கேட்டதும், "அப்படியானால் 3 வேளையும் களிதான்" என்று கிளம்பிவிடாதீர்கள்!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தின. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் அந்த ஆய்வு சொன்னது. அதே ஆய்வைச் சேர்ந்தவர்கள் 2025-ல் இன்னொரு விஷயத்தை வெளியிட்டார்கள். நாம் உண்ணும் உணவின் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்தில் இருந்தே வருகிறதாம். அரிசியை விட்டுவிட்டு அதே அளவு கோதுமை மாவும் சிறுதானிய மாவும் சாப்பிடுவதால் மட்டும் சர்க்கரை வியாதியின் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் சேர்த்தால்தான் பலன்!

நம்முடைய பாட்டிகள் ஆராய்ச்சி எதையும் படிக்கவில்லை. ஆனால் அவர்கள் போட்ட களிக்குத் துணை என்ன? அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல், கொள்ளு ரசம், நிலக்கடலைத் துவையல். களியின் பெருமையில் பாதி, இந்தத் துணைகளுக்குச் சேர வேண்டும். இன்று களியை மட்டும் திரும்பக் கொண்டு வருகிறோம். கொள்ளும் அவரையும் எங்கே?

இன்னொன்று. அந்தக் காலத்தில் பெரிய உருண்டையை விழுங்கிவிட்டு, பொழுது சாயும் வரை ஏர் ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அந்த உருண்டை எதற்கு?

எண்ணெயைக் கவனியுங்கள்

என்னைக் கேட்டால், ரேஷன் பையில் முதலில் பார்க்க வேண்டியது தானியத்தை அல்ல, எண்ணெயைத்தான்.

2007-ம் ஆண்டு முதல் ரேஷன் கடைகளில் பாமாயில் கொடுக்கிறார்கள். விலை மிகக் குறைவு. ஏழைகள் அதை நம்பித்தான் தாளிக்கிறார்கள். ஆனால் பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி, ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் ரகம். கடலை எண்ணெயில் அந்த ரகம் சுமார் 5-ல் ஒரு பங்குதான்.

நிலக்கடலை விளையும் பூமியில் இருப்பவர்கள், கடல் தாண்டி வந்த பாமாயிலில் சமைக்கிறார்கள். இது என்ன கூத்து!

பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கொடுக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டு வருகிறார்கள். கடலை எண்ணெய் சரி. தேங்காய் எண்ணெய் விஷயத்தில், தென்னை விவசாயிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதயத்தை மட்டும் பார்த்தால் அது பாமாயிலை விட மோசம். அதில் 100-க்கு 90 பங்கு அந்தக் கெட்ட ரகம்தான்.

அரசாங்கத்துக்கு உள்ள சிரமமும் தெரிந்ததே. கடலை எண்ணெய் விலை அதிகம். மாநிலம் முழுவதுக்கும் கொடுப்பது லேசான காரியம் அல்ல. கேழ்வரகை 2 ஜில்லாக்களில் தொடங்கியது போல, எண்ணெயையும் 2 ஜில்லாக்களில் தொடங்கிப் பார்க்கலாமே?

அதுவரை, வீட்டில் செய்யக்கூடியது அளவைக் குறைப்பது. ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம் எண்ணெய் போதும். 4 பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் தாராளம்.

பொரித்த எண்ணெயில் மறுபடியும் மறுபடியும் பொரிப்பது பெரிய கெடுதல். எண்ணெய் கறுத்துவிட்டால் அது உணவு அல்ல. இப்படிக் கெட்டுப்போன எண்ணெயைக் கடைக்காரர்கள் பயன்படுத்தக்கூடாது என்று 2018 முதல் சட்டமே இருக்கிறது. சாயங்காலம் பஜ்ஜிக் கடைக்குப் போகிறவர்கள் வாணலியை ஒரு முறை எட்டிப் பாருங்கள். நாகமரையில் பிடித்த மீனை அந்த எண்ணெயில் போட்டால், மீனின் நன்மையும் போயிற்று. குழம்பு வைத்துச் சாப்பிடலாம்.

வனஸ்பதி சமாசாரம் கொஞ்சம் பரவாயில்லை. அதில் உள்ள மிகக் கெட்ட கொழுப்பு 100-க்கு 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

நெஞ்சு வலித்தால்...

பட்டணத்தில் நெஞ்சு வலி வந்தால் அடுத்த தெருவில் ஆஸ்பத்திரி. ஏரியூரில் வந்தால், பென்னாகரம் போய், அங்கிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுவும் நடு இரவில் என்றால்? மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் இதயத்தின் தசை செத்துக்கொண்டே இருக்கும்.

இதற்காக 2023-ல் "இதயம் காப்போம்" என்று ஒரு திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும், துணை சுகாதார நிலையத்திலும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை உடனே கொடுத்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கான திட்டம். "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி, சோடா குடித்துவிட்டுப் படுக்கக்கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஒரு கிலோ உப்பு

ரத்தக் கொதிப்புக்கு உப்புதான் தோழன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. 5 கிராம் என்பது ஒரு சின்ன டீஸ்பூன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 பேர் உள்ள வீட்டில், ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும்! ஊறுகாயிலும், கருவாட்டிலும், குழந்தைகள் வாங்கித் தின்னும் 5 ரூபாய் பாக்கெட்டிலும் இருக்கும் உப்பு இதில் சேரவில்லை.

இனி உப்புப் பாக்கெட்டை உடைக்கும்போது, அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீருகிறது என்று தெரிந்துவிடும்.