போதையையும் தடுப்போம், பிள்ளையின் மானத்தையும் காப்போம்



கஞ்சா, உதட்டிடுக்கில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலம், மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் வலி நிவாரணி மாத்திரை ஆகியவை பள்ளி வாசல் வரை வந்துவிட்டன. போதை தரும் யாவும் ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதைத் தடுக்க நாம் கையாளும் வழியைப் பற்றியே பேச வேண்டியுள்ளது.

ஒரு மாணவன் மீது ஐயம் எழுந்தவுடன் வகுப்பின் முன் நிறுத்திப் பையைக் கொட்டுவதும், மறுநாளே மாற்றுச் சான்றிதழைக் கையில் திணிப்பதும் கண்டிப்பு எனப் பாராட்டப்படுகின்றன. விளைவு என்ன? பள்ளியை இழந்த சிறுவனை அரவணைக்கப் போதை விற்பவன் மட்டுமே எஞ்சுகிறான். இதைக் கண்ட ஏனைய மாணவர்களோ, தோழன் மயங்கி விழுந்தாலும் ஆசிரியரிடம் சொல்ல அஞ்சுவர்.

சட்டத்தின் கடுமை விற்பவனை நோக்கியதாகும். சிறாருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடமளிக்கிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜ தூரத்திற்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அதே வேளையில், 6 முதல் 14 வயது வரையிலான மாணவரை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது.

நம் மார்க்கமும் இதே நடுநிலையைக் கற்பிக்கிறது. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் (49:12) விலக்குகிறது. மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரை மக்கள் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். தண்டனை இருந்தது, இழிவுபடுத்தல் அனுமதிக்கப்படவில்லை.

அப்படியானால் பள்ளியில் சோதனையே கூடாதா? கூடும். அதற்குத் தெளிவான காரணம் இருக்க வேண்டும். தனியறையில், பெற்றோர் முன்னிலையில் நடக்க வேண்டும். மாணவியரை ஆசிரியைகளே சோதிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் ஆடையைக் களையச் சொல்லக் கூடாது. பொருள் கிடைத்தால், விற்றவனைப் பற்றிய தகவல் காவல்துறைக்கும், பிள்ளை மனநல ஆலோசகரிடமும் செல்ல வேண்டும். அவன் படிப்பு தொடர வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் கடமை உண்டு. பள்ளியைச் சுற்றியுள்ள கடைகளைக் கண்காணித்துப் புகார் அளிக்கலாம். ஜும்ஆ உரையில் பெற்றோருக்கு வழிகாட்டலாம். சிக்கிய பிள்ளையின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதை மட்டும் உடனே நிறுத்த வேண்டும்.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, சிறார் உதவிக்கு 1098 ஆகிய இலவச எண்கள் உள்ளன. தவறிய பிள்ளை அச்சமின்றி முதலில் வந்து சொல்லும் இடமாக நம் வீடு இருக்கட்டும். அவர்களை அல்லாஹ் நமக்கு அமானிதமாகவே தந்திருக்கிறான்.