கையில் கணினி, வகுப்பில் ஆசிரியர் எங்கே?

2022 டிசம்பர் 21 அன்று, ஆந்திர மாநிலம் பாபட்லா மாவட்டத்தின் யட்லபள்ளி கிராமத்தில் பெரும் விழா நடைபெற்றது. அன்றைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி, தமது பிறந்த நாளில், அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு பயிலும் மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாணவர்கள், ஆசிரியர்கள் என ஏறத்தாழ 5.18 இலட்சம் பேருக்குக் கருவிகள். செலவு சுமார் 686 கோடி ரூபாய். அவற்றில் ஏற்றப்பட்ட பாடங்கள் பைஜூஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. நிறுவனம் அவற்றை இலவசமாகத் தருகிறது என்று அறிவிக்கப்பட்டது.

அந்த நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது அதே ஆண்டு ஜூன் 16 அன்று. அதற்கு ஆறு நாட்களுக்கு முன் வெளிவந்தது அரசாணை 117. தொடக்கப் பள்ளிகளின் 3, 4, 5ஆம் வகுப்புகளை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளோடு இணைத்து, ஆசிரியர் பணியிடங்களை மறுபங்கீடு செய்வதற்கு அது வழிவகுத்தது. ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் வீதிக்கு வந்து போராடினர். பின்னர் வந்த அரசு அவ்வாணையைக் கைவிட நேர்ந்தது.

இன்றைய நிலை என்ன? ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரப்படி, நாட்டில் ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு இயங்கும் பள்ளிகள் 1,04,125. அவற்றில் பயிலும் குழந்தைகள் 33 இலட்சத்துக்கும் அதிகம். இத்தகைய பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் ஆந்திரப் பிரதேசம். அங்கு மட்டும் 12,900க்கும் மேல். இதற்கு ஓர் அரசாணையை மட்டும் காரணமாகக் கூறுவது நியாயமாகாது. ஆயினும், 686 கோடியைக் கருவிக்கு ஒதுக்க முடிந்த ஓர் அரசுக்கு, ஆசிரியர் நியமனம் மட்டும் ஏன் வீண்செலவாகத் தோன்றியது என்று கேட்பது நியாயமே.

இங்கே தோழர்கள் சிலர் ஒரு கேள்வி எழுப்புகின்றனர்: "வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும் கருவி, கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைப்பதை நாம் எதிர்க்கலாமா?" எதிர்க்கக் கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில், வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிட, பாடமின்றித் தவித்த குழந்தைகளை நாம் கண்டோம். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 100க்கு 5கூட இல்லை. அந்தக் குழந்தையின் கைக்கு வரும் கருவியை ஏளனம் செய்வது இடதுசாரிகளுக்கு அழகன்று. நாம் கேட்க வேண்டியவை வேறு. கருவி யாருடையது? பாடம் யாருடையது? அதை விளக்குவதற்கு அருகில் ஓர் ஆசிரியர் இருக்கிறாரா?

கல்வித் தொழில்நுட்பம் பற்றிய ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது ஒரு மாற்றம் என் கண்ணில் உறுத்துகிறது. மாணவர் 'பயனர்' ஆகிறார். பாடம் 'உள்ளடக்கம்' ஆகிறது. ஆசிரியர் என்ற சொல் பக்கக்கணக்கில் தென்படுவதேயில்லை. இது சொல் மாற்றத்தோடு நிற்பதில்லை. பயனர் இருக்குமிடத்தில் சந்தை இருக்கிறது. இன்று இலவசமாகத் தரப்படுவது, நாளைய வாடிக்கையாளரைத் தேடும் முதலீடு. அந்த முதலீடும் நிலையானதன்று. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையதாகப் போற்றப்பட்ட பைஜூஸ் நிறுவனத்தின் மீது, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் பாடத்தைத் தனியார் நிறுவனமொன்றின் ஐந்தொகையோடு பிணைப்பதன் ஆபத்துக்கு வேறு சான்று வேண்டுமா?

கருவி தானாகக் கற்பிப்பதில்லை என்பதும் சோதித்து அறியப்பட்டதே. பெரு நாட்டில் குழந்தைக்கொரு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்தனர். கணினிப் பயன்பாடு பெருகியிருந்தது. கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. நம் நன்னூல் இதை வேறுவகையில் முன்பே கூறியிருக்கிறது. ஆசான் சொல்லக் கேட்பதால் வருவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய பாதியும் நிறையும் என்பது அதன் கணக்கு. கற்றல் ஒரு கூட்டுச் செயல். திரையின் முன் தனித்து அமர்த்தப்பட்ட குழந்தைக்கு இம்மூன்றில் எது முழுமையாகக் கிட்டும்?

மாற்று உண்டா? கேரளத்தில் உண்டு. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் 45,000 வகுப்பறைகள் நவீனமாக்கப்பட்டன. கட்டற்ற மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. அரசு நிறுவனமான கைட் அதை வழிநடத்தியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. 2020 ஜூனில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, அரசின் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே பாடங்கள் வீடு சேர்ந்தன. அங்கும் குறைகள் இருந்தன; கருவி கிட்டாத குழந்தைகள் இருந்தனர். ஆனால் பாடம் பொதுச்சொத்தாகவும், ஆசிரியர் அதன் ஆக்குநராகவும் இருந்தனர். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. கருவி வழங்கும் ஒவ்வொரு அரசும் காலி ஆசிரியர் பணியிடங்களை முதலில் நிரப்ப வேண்டும். ஓராசிரியர் பள்ளி என்ற அவலம் ஒழிய வேண்டும். பாடப்பொருள் தாய்மொழியில், ஆசிரியர்களைக் கொண்டு, பொதுத்துறையில் உருவாக வேண்டும். குழந்தைகளின் தரவுகள் எந்த நிறுவனத்துக்கும் கைமாறக் கூடாது. 1966இல் கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்த, 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் ஏட்டளவில் ஏற்றுக்கொண்ட, உள்நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காடு கல்விக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

தேர்தல் வரும்போதெல்லாம் கருவிகளும் வரும். அவை வழங்கப்படும் மேடைக்கு எதிரே நின்று, "ஆசிரியர் எங்கே?" என்று பெற்றோரோடு சேர்ந்து கேட்பது நம் கடமை.