உதட்டுப் பிளவுக் குழந்தைகளும் சமூக ஊடகமும்

புனே நகரின் வானவடியில் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஆயுதப் படைகள் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. அதன் சுற்றுப்புறத்தில் வாழும் படைவீரர் குடும்பங்கள் பல, தொலைவிலுள்ள மாநிலங்களிலிருந்து மாற்றலாகி வந்தவை. இத்தகைய குடும்பத்தில் உதடோ அண்ணமோ பிளவுபட்ட குழந்தை பிறக்குமாயின், தாய்க்குத் துணையாகப் பாட்டியோ அத்தையோ அருகில் இருப்பது அரிது. அண்டை வீட்டாரின் மொழியும் எளிதில் விளங்காது. கைப்பேசியே அவளுக்கு உறவாகிறது.

உறவினர் சூழ வாழும் தாயின் நிலையும் மேலானதன்று. கிரகணத்தின்போது வெளியே சென்றதால் நேர்ந்த குறை என அவளைப் பழிப்போர் இன்றும் உளர். உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று இக்குறையுடன் பிறக்கிறது. எனினும் ஒரு சிற்றூரில் இத்தகைய மற்றொரு குழந்தையைக் காண்பது அரிது. வாட்ஸாப், பேஸ்புக் குழுக்களிலோ அதே துன்பத்தைக் கடந்த பல தாய்மார்களை ஒரே நாளில் அறியலாம். ஆகவே, பெற்றோர் இக்குழுக்களை நாடுவதைக் கண்டிப்பது முறையன்று. நாடும் தேவை ஏன் எழுந்தது என்பதே சிந்திக்கத் தக்கது.

ஆறுதல் வேறு, மருத்துவ அறிவுரை வேறு. உதட்டு அறுவைக்குக் குழந்தை 10 வார வயதும், ஏறக்குறைய 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ எடையும், இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபினும் பெற்றிருத்தல் வேண்டும் என்பது மருத்துவர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் விதி. அண்ணம் பிளவுபட்ட குழந்தையால் காற்றை அடைத்துப் பாலை உறிஞ்ச இயலாது. அதனை நிமிர்த்திப் பிடித்து, தாய்ப்பாலைப் பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டி, இடையிடையே ஏப்பம் விடச் செய்தல் வேண்டும். எடை ஏறுகின்றதா என்பதைத் தராசு காட்டுமேயன்றிக் குழந்தையைக் காணாத அயலார் கூற இயலாது. அவர் சொல்லை நம்பி இழந்த வாரங்கள் மீளா.

மற்றொன்று, புகைப்படம். உதவி வேண்டியோ மகிழ்ச்சியாலோ பெற்றோர் வெளியிடும் படம் பலர் கைக்கு மாறிய பின் அதனைத் திரும்பப் பெறுவது கடினம். அறுவையால் முகம் சீரடைந்த பிள்ளை, பதின்மூன்றாம் வயதில் தன் பழைய படத்தை வகுப்புத் தோழன் கையில் காண நேரலாம். முகம் பிள்ளையினுடையது, பெற்றோர் அதன் காவலரே. மருத்துவரிடம் காட்டவேண்டிய படத்தை அவரிடம் மட்டும் காட்டுதல் போதும்.

2013-இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இடம்பெற்றுள்ளன. பிறந்த இடத்திலும் வீட்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதனை செய்து, மேற்சிகிச்சைக்கு அனுப்ப அதில் வழியுண்டு. வழி இருந்தும் பெற்றோர் அதனை அறியாவிடில் பயனில்லை. பிறந்த முதல் வாரத்திலேயே சுகாதாரப் பணியாளர் வீட்டிற்குச் சென்று, பால் புகட்டும் முறையைக் கைப்படக் காட்டி, எடையைக் குறித்து, செல்லவேண்டிய மருத்துவமனையையும் நாளையும் எழுதித் தருதல் வேண்டும். பேச்சுத் தெளிவின்மையை மந்த புத்தி எனக் கருதாமல், செவிப்புலனையும் சோதிக்கச் செய்தல் ஆசிரியர் கடமை.

பணியாளரின் சொல் முதலில் சென்றடையுமானால், கைப்பேசி துணையாக நிற்கும். அது தாமதித்தால், கைப்பேசியே மருத்துவராகிவிடும். அக்குற்றம் பெற்றோருடையதாகாது.