சுவரில் இருக்கிற பெட்டியை யார் வாசிப்பது?

இந்த வருட மாசி மாதம். எங்களுக்குக் காலை ஒன்பதரை, லெக்சர் தொடங்குற நேரம். ஸ்காபரோவில் அது முதல்நாள் இரவு பதினொரு மணி. எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. சுவரில் பூட்டின வட்டப் பெட்டி ஒன்று, திரை கறுத்துப்போய் இருந்தது. கீழே நண்பி எழுதியிருந்தாள்: "அக்கா வீட்டில ஹீற்றிங் திரும்பவும் நிண்டிட்டுதாம். வெளியில மைனஸ் பதினேழு. பிள்ளைக்கு ரெண்டு வயசு. ஆருக்கும் இதைப்பற்றித் தெரியுமா?"

ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் கலைப்பீடம். எங்கள் ஐந்து பேரின் வீட்டிலும் சூடாக்கும் இயந்திரம் எண்டு ஒன்று இருந்ததே இல்லை. சீலிங் ஃபேன் நின்றால்கூட வயரிங் பாஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற ஆக்கள் நாங்கள்.

கதை இதுதான். அக்கா குடும்பம் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்குது. மேல்தளத்தில் வேறொரு குடும்பம், அவர்களும் வாடகை. சொந்தக்காரர் வேறு ஊரில். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஃபேர்னஸ், படிக்கட்டுச் சுவரில் ஒரே தேர்மோஸ்டற். போன ஐப்பசியில் சொந்தக்காரர் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, போனில் இயக்கக்கூடிய 'ஸ்மார்ட்' பெட்டியைப் பூட்டினார். தை மாதம் கடுங்குளிர் தொடங்க, இரவில் திரை செத்துப்போகும், வீடு குளிர்ந்துவிடும். அடுத்தநாள் ரெக்னீசியன் வரும்போது அது உயிர்த்து வேலை செய்துகொண்டிருக்கும். "பிழை ஒண்டுமில்லை" எண்டு சொல்லிப்போட்டுப் போவார். இரண்டாம் தரம் சொந்தக்காரர் சொன்னார்: "நீங்கள் ரெண்டு வீட்டுக்காரரும் மாறி மாறிப் பட்டனை அமத்துறதாலதான் இது பழுதாகுது. இனி ஆள் வந்தால் காசு நீங்கள்தான் குடுக்கவேணும்."

அக்காவிடம் பதில் இல்லை. அவவும் அமத்தித்தான் இருந்தா. குளிருது எண்டால் வேறென்ன செய்யிறது?

நாங்கள் சொல்லவருவது இந்தப் 'பதில் இல்லாமை'யைப் பற்றித்தான். வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற வயரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பதைப் பணிவாக, பாதுகாப்பாக நினைக்க நாங்கள் பழக்கப்பட்டிருக்கிறோம். அப்படித் தெரியாமல் இருக்கும்போது பழி எப்போதும் பலம் குறைந்தவரின் தலையிலேயே விழுகிறது.

அன்றைக்கு லெக்சரைக் கட் அடித்துவிட்டு கன்டீனில் இருந்து வாசித்தோம். பார்த்தால், விஷயம் நாங்கள் பயந்த அளவுக்குப் பெரிதில்லை. அங்கே பெரும்பாலான வீடுகளில் ஃபேர்னஸுக்குள் ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் இருக்கும். அது 120 வோல்ற்றை 24 வோல்ற்றாகக் குறைக்கும். அந்த 24 வோல்ற்றுத்தான் தேர்மோஸ்டற்றுக்கு வருகிறது. பெட்டியின் பின்னால் வழக்கமாக ஐந்து வயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. ஆர் எண்டால் மின்சாரம் வருகிற வழி. டபிள்யூ சூட்டுக்கு, வை குளிருக்கு, ஜி காற்றாடிக்கு. சி எண்டால் மின்சாரம் திரும்பிப் போகிற பொது வழி. தேர்மோஸ்டற் செய்கிறது ஒரு சுவிட்ச் வேலைதான். குளிரெண்டால் ஆரையும் டபிள்யூவையும் தொடுக்கும், ஃபேர்னஸ் எரியும். சூடு போதுமெண்டால் விடும், அணையும்.

அக்காவிடம் முன்மூடியை மட்டும் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னோம். அதற்கு முன் ஃபேர்னஸ் அறையில் உள்ள சுவிட்சை நிறுத்தச் சொன்னோம். 24 வோல்ற் ஆளைக் கொல்லாது. ஆனால் ஆர் வயர் சி வயரில் தட்டுப்பட்டால் உள்ளேயிருக்கிற சின்ன ஃபியூஸ் போய்விடும், பிறகு உண்மையாகவே பழி அக்காவுக்கு வரும்.

படத்தில் ஆர், டபிள்யூ, வை, ஜி நான்கிலும் வயர் இருந்தது. சி வெறுமை. சுவர் ஓட்டைக்குள் ஒரு நீல வயர் சுருட்டியபடி கிடந்தது.

அதோடு எல்லாம் விளங்கியது. பழைய பெட்டிக்கு அவ்வளவு மின்சாரம் தேவையில்லை, சி இல்லாமலே காலம் ஓட்டியது. புதிய பெட்டிக்குத் திரையும் வைஃபையும் இருக்கு, எந்நேரமும் மின்சாரம் வேணும். சி இல்லாவிட்டால் இப்படியான பெட்டிகள் மற்ற வயர்களுக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சித் தன் உள்பற்றரியை நிரப்பும். ஃபேர்னஸ் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் நன்றாக உறிஞ்ச முடியும். கடுங்குளிர் இரவில் ஃபேர்னஸ் ஓயாது. ஆக, ஆகக் குளிரான இரவில்தான் பற்றரி செத்துப்போகும். செத்த பிறகு ஃபேர்னஸ் நிற்கும், பெட்டி ஆறுதலாக நிரம்பும், விடியத் திரை உயிர்க்கும். ரெக்னீசியன் வரும்போது 'பிழை ஒண்டுமில்லை'.

பட்டனை எத்தனை தரம் அமத்தினாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அக்கா எதையும் கழற்றிப் பூட்டவில்லை. சொந்தக்காரருக்கு நான்கு வரியும் படமும் அனுப்பினா: திரை செத்த திகதிகள், வெறுமையாக இருக்கிற சி, சுருட்டிக் கிடக்கிற நீல வயர், அதன் மற்ற முனை ஃபேர்னஸ் பலகையில் பூட்டியிருக்கிறதா எண்டு பார்க்கச் சொல்லி ஒரு கேள்வி. கடைசியில் இன்னொன்றும் சேர்த்தா. ரொறன்ரோ நகரவிதிப்படி குளிர்மாதங்களில் வாடகை வீட்டை ஆகக்குறைந்தது 21 பாகையில் வைத்திருக்க வேண்டியது வீட்டுச் சொந்தக்காரர். இல்லாவிட்டால் 311 இலக்கத்தில் நகரசபைக்கு முறையிடலாம். இரண்டு நாளில் ஆள் வந்தார். மற்ற முனையும் பூட்டாமல்தான் கிடந்ததாம். இரண்டு பக்கமும் பூட்ட அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. காசு பற்றிப் பிறகு கதையே இல்லை.

"எல்லாரும் யூரியூப் பார்த்து வயரைத் தொடத் தொடங்கினால் வீடு எரியும்" எண்டு எங்கட வீட்டிலேயே சொன்னார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கு. சில வீடுகளில் சுவரோர மின்ஹீற்றர்கள். அவற்றின் தேர்மோஸ்டற்றுக்கு 240 வோல்ற்றே நேராக வரும். உள்ளே தடித்த வயர் தெரிந்தால் மூடிவிட்டு விலகவேணும். எரிவாயுப் பக்கம் உரிமம் உள்ளவரின் வேலை. காஸ் மணத்தால் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே போய்த்தான் போன் எடுக்கவேணும். வயரின் நிறத்தையும் நம்பக்கூடாது. பூட்டினவர் எந்த நிறத்தையும் எதற்கும் பாவித்திருக்கலாம், எந்த எழுத்தில் பூட்டியிருக்கு எண்டுதான் பார்க்கவேணும்.

நாங்கள் கேட்பது தொடும் உரிமையை அல்ல, வாசிக்கும் உரிமையை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் "தொடாதே" எண்டு சொல்லிப் பார்க்கவும் விடாமல் வளர்த்திருக்கிறார்கள். அதிலும் பெண்பிள்ளைகளை. அக்காவுக்கு முதலில் கிடைத்த ஆலோசனை "அத்தான் நைற் ஷிஃப்ற் முடிச்சு வரட்டும்" என்பதுதான். வேலையைத் தெரிந்த ரெக்னீசியனுக்கும் இதனால் நட்டமில்லை. "ஹீற்றிங் வேலை செய்யேல்ல" எண்டு சொல்லுற ஆளைவிட "குளிர் கூடின இரவில மட்டும் திரை சாகுது, சியில வயர் இல்லை" எண்டு சொல்லுற ஆள் அவருக்கும் சுகம்.

வாசிக்கும்போது ஒரு சின்ன வரலாறும் கிடைத்தது. 1880களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் வாரன் ஜோன்சன் என்ற ஆசிரியர் இருந்தார். வகுப்பறை சூடா குளிரா எண்டு பார்க்கப் பணியாளர் அடிக்கடி உள்ளே வந்து, பிறகு கீழே போய்க் காற்றுவழியைத் திருத்துவார். பாடம் குழம்புது எண்டு ஜோன்சன் மின்சாரக் கருவி ஒன்றைச் செய்தார். வகுப்பறையின் வெப்பநிலை மாறினால் கீழே கொதிகலன் அறையில் மணி அடிக்கும். 1883இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். ஆக, இந்தப் பெட்டி தொடங்கியதே ஒரு தகவலாகத்தான்: அறையில் இருக்கிறவருக்குக் குளிருது எண்டு பொறுப்பானவருக்குச் சொல்லுறது. நூற்று நாற்பது வருடத்துக்குப் பிறகு பேஸ்மென்றில் இருந்த ஒரு தாய் அதே செய்தியைச் சொல்ல, "நீ பட்டனை அமத்தினாய்" எண்டு பதில் வந்தது.

உங்கட சொந்தத்தில் ஆராவது குளிர்நாட்டில் வாடகைக்கு இருந்தால் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கோ. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிற நாளிலேயே தேர்மோஸ்டற்றின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து வைக்கட்டும். நின்ற நாளையும் நேரத்தையும் எழுதி வைக்கட்டும். இங்கே இருக்கிற எங்களுக்கும் ஒன்று: அடுத்தமுறை வயரிங் பாஸ் வரும்போது தேத்தண்ணி குடுத்துவிட்டு உள்ளே போகாமல், பக்கத்தில் நின்று "இது என்ன வயர்?" எண்டு கேளுங்கோ. நாங்களும் போன கிழமை கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, சொல்லித்தந்தார்.