எலியில் கண்டதை எலி என்றே எழுதுவோம்

நரம்பியல் மாணவர்கள் பட்டம் வாங்கும்வரை காத்திராமல், மூளை ஆய்வுகளைப் பற்றித் தமிழில் பொதுமக்களுக்கு எழுத வேண்டும். இதுவே எங்கள் மாணவர் மன்றத்தின் நிலைப்பாடு. "முதலில் படித்து முடியுங்கள்" என்னும் பேராசிரியர்களின் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் நாங்கள் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தில் நடுமூளையை இயக்கிவைப்பதாகச் சொல்லும் 'மிட் பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்புகள் அமோகமாக நடந்தன. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் படித்தார்கள். பெற்றோர் ஆயிரக்கணக்கில் பணம் கட்டினார்கள். மூக்கோரத்து இடுக்கு வழியே பார்க்கிறார்கள் என்பதைப் பகுத்தறிவாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். முதலாண்டு மாணவரே சொல்லியிருக்கக்கூடிய விஷயம் ஒன்றும் உண்டு: நடுமூளையை யாரும் வந்து இயக்கிவைக்க வேண்டியதில்லை. இருட்டறையில் விளக்கைப் போட்டதும் கண்பாவை சுருங்குகிறதே, அந்த வேலையை நடத்துவதே நடுமூளைதான். கண்ணாடி முன் நின்றால் யாரும் பார்த்துக்கொள்ளலாம். இதைத் தமிழில் எழுத முனைவர் பட்டம் எதற்கு?

எழுதுபவருக்குக் கட்டுப்பாடும் வேண்டும். எலியிடம் செய்த ஆய்வென்றால் தலைப்பிலேயே எலி வர வேண்டும். 'மறதி நோய்க்கு மருந்து ரெடி' என்று போட்டுவிட்டு எட்டாவது பத்தியில் எலியைக் கொண்டுவரும் கட்டுரையை எங்கள் மன்ற இதழில் வெளியிட மாட்டோம். அல்சைமர் ஆய்வில் எலிகளிடம் பலன் தந்த பல மருந்துகள் மனிதர்களிடம் தோற்றிருக்கின்றன. அந்தத் தலைப்பை நம்பி மருத்துவமனைக்கு ஓடப்போவது ஒரு நோயாளியின் குடும்பம்.

ஸ்கேன் படங்களிலும் எச்சரிக்கை தேவை. 2009இல் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீன் ஒன்றை மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். ஸ்கேன் படத்தின் பல்லாயிரம் புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்யவேண்டிய புள்ளியியல் திருத்தத்தை விட்டுவிட்டபோது, அந்த மீனின் மூளையும் 'வேலை செய்தது'! சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2012இல் இதற்குக் கிடைத்தது. வண்ணப் புள்ளிகளோடு மூளைப் படம் போடுபவர், அவை கணக்கிட்டு வரைந்தவை என்பதைப் படத்தின் கீழேயே எழுத வேண்டும். ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுவதற்கும் இடமில்லை.

பேராசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. எங்கள் கட்டுரைகளில் தகவல் பிழை இருந்தால் தயங்காமல் அடியுங்கள். நடையை எங்களிடம் விட்டுவிடுங்கள். மாணவர் எழுதியதில் மரியாதைக்காக உங்கள் பெயரைச் சேர்க்கும் வழக்கம் இங்கே வேண்டாம். பிழை அச்சேறிவிட்டால், கட்டுரையை எழுதியவர் பெயரிலேயே திருத்தத்தை அடுத்த இதழின் முதல் பக்கத்தில் போடுவோம்.